கீரை விதைத்த பாத்தியைக் கோழி சீய்த்துவிடுகிறது. கோழியும் தோட்டமும் ஒன்றாக இருக்க வழி உண்டா?

மாடம்பாக்கம் தோட்டம்:

வணக்கம். நாங்கள் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் அரை கிரவுண்டு மண் தரை இருக்கிறது, சிமென்ட் போட விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன். நாலு வருடமாகக் கீரை, கத்தரி, வெண்டை, தக்காளி, பந்தலில் பீர்க்கன், அவரை என்று எங்களுக்குப் போக அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிற அளவுக்கு விளைந்துகொண்டிருந்தது. இந்தத் தை மாதம் மாமியார் செய்யாறிலிருந்து வரும்போது ஒரு சேவலும் ஆறு பெட்டையும் கொண்டுவந்தார், எல்லாம் நாட்டுக்கோழி. அவர் ஊரில் கோழியை அடைத்து வளர்த்ததே கிடையாது. காலையில் கூட்டைத் திறந்தால் பொழுது சாயும்போது தானாக வந்து அடையும். இங்கேயும் அப்படித்தான் விட்டோம்.

கோடையில் பெரிய தொந்தரவு இல்லை, தோட்டத்தில் இருந்ததெல்லாம் வளர்ந்த செடி. ஆடிப்பெருக்கு அன்று அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை என்று மூன்று பாத்தி விதைத்து, மேலே மெல்லிசாக எரு தூவி, பூவாளியால் தண்ணீர் தெளித்துவிட்டு டிபன் சாப்பிட உள்ளே போனேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வந்து பார்த்தால் மூன்று பாத்தியிலும் பள்ளம். செவலைப் பெட்டை ஒன்று இருக்கிறது, எதற்கும் அதுதான் முதலில் போகும். வலது காலால் ஒரு சீய்ப்பு, இடது காலால் ஒரு சீய்ப்பு, ஓர் எட்டு பின்னால் வந்து தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மண்ணைப் பார்க்கிறது, எதையோ கொத்துகிறது, திரும்பவும் சீய்க்கிறது. விரட்டினால் நாலு அடி ஓடி நின்று, நான் திரும்பியதும் அதே இடத்துக்கு வருகிறது.

மறு விதைப்பும் போயிற்று. அப்புறம் கத்தரி நாற்று 40 நட்டேன், மறுநாள் மதியம் 31 நாற்று வேர் மேலே தெரியக் கிடந்தது. தின்னவில்லை, கிளறி எறிந்திருக்கிறது, அவ்வளவுதான். சொட்டுநீர்க் குழாய் வெளியே வந்துவிட்டது, மூடாக்குக்குப் போட்ட தென்னை நார் பாதை முழுக்கக் கிடக்கிறது. பழுக்கிற தக்காளியில் ஒன்று விடாமல் ஒரு ஓட்டை. யாரோ சொன்னார்கள் என்று மிளகாய்த்தூள் தூவிப் பார்த்தேன், அதன் மேலேயே நின்று கிளறுகின்றன. பக்கத்து வீட்டு மாமி மொட்டை மாடியில் காயவைத்த வடகத்திலும் போன வாரம் கால் வைத்துவிட்டது, அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு முகத்தைக் காட்டவே சங்கடமாக இருந்தது.

வீட்டுக்காரர் கொடுத்துவிடலாம் என்கிறார். மாமியார் எதுவும் பேசாமல் இருக்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊரையும் வீட்டையும் விட்டு எங்களோடு வந்தவருக்கு இந்தக் கோழிகள்தான் பேச்சுத் துணை. என் மகன் காலையில் எழுந்ததும் முட்டை எடுக்கப் போகிறான். இப்போது இன்னொன்று: கறுப்புப் பெட்டை மூன்று நாளாகக் காணவில்லை, நாய் கொண்டுபோயிற்று என்று நினைத்தோம், நேற்று மஞ்சள் பாத்திக்குள் 9 முட்டை மேல் அடை படுத்திருப்பதைப் பார்த்தேன். அதை எழுப்ப மனம் வரவில்லை.

ஒன்றாக வைத்துக்கொள்ள வழி இருந்தால் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் ஆனாலும் பரவாயில்லை.

ஆவடி வேப்பமரத்தடி:

அம்மா, கொடுத்துவிடாதீர்கள். 11 வருடமாக ஆவடியில் தோட்டமும் கோழியும் சேர்த்தே வைத்திருக்கிறேன், நீங்கள் சொன்ன அத்தனையும் எனக்கும் நடந்தது.

முதலில் அது ஏன் அந்தப் பாத்தியைத் தேடிப் போகிறது என்று பாருங்கள். உங்கள் தோட்டத்திலேயே பொலபொலவென்று, ஈரமாக, எரு போட்டு, மண்புழு மேலே வந்து நிற்கிற இடம் எது? அன்று காலையில் நீங்கள் கொத்திவிட்ட பாத்திதான். அதோடு கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், இல்லாவிட்டால் குளிர்ந்த மண்ணைத் தோண்டி வயிற்றை அதில் வைத்துப் படுக்கும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் தெளித்த பாத்தி அதற்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மண்ணில் புரண்டு குளிப்பதும் அதற்குத் தேவை, பேன் போவது அதனால்தான். விரட்டி விரட்டி இதை நிறுத்த முடியாது.

அதனால் அதற்கென்று ஓர் இடம் கொடுத்துவிடுங்கள். பந்தல் நிழலிலோ மரத்தடியிலோ மூன்று அடிக்கு மூன்று அடி, முக்கால் அடி ஆழம் பறித்து, சலித்த மண்ணும் மணலும் விறகுச் சாம்பலும் கலந்து நிரப்புங்கள். காய்ந்த வேப்பிலையை நொறுக்கிப் போடலாம். மழை படாமல் மேலே ஒரு தகரம் வேண்டும். இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடும். கூடவே தோட்டத்துக் குப்பை, சமையலறைக் கழிவு, உதிர்ந்த இலை எல்லாவற்றையும் ஒரே மூலையில் கொட்டுங்கள், நாள் முழுக்க அங்கேயே சீய்க்கட்டும், உங்களுக்கு எரு புரட்டுகிற வேலை மிச்சம்.

அடுத்து நேரம். இதுதான் எனக்குப் பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது. நாட்டுக்கோழி பெரும்பாலும் மதியத்துக்குள் முட்டை வைத்துவிடும். காலையில் தீனி, தண்ணீர் வைத்துக் கூட்டோடு சேர்ந்த அடைப்பிலேயே விட்டால் முட்டை அங்கேயே விழும், மஞ்சள் பாத்தியில் தேட வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறங்கள். வயிறு ஓரளவு நிறைந்திருக்கும், ஒன்றரை மணி நேரம் பூச்சி, வெட்டுக்கிளி, சின்ன நத்தை பொறுக்கிவிட்டு இருட்டுவதற்குள் தானாக அடைந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரமும் நீங்களோ உங்கள் மாமியாரோ ஒரு நாற்காலி போட்டு அங்கே உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

செடி வயதைப் பாருங்கள். விதைப் பாத்தியும் நாற்றும் கோழிக்கு ஒரு நாளும் ஆகாது. முழங்கால் உயரம் தாண்டிய வெண்டை, கத்தரி, முருங்கை, பப்பாளி, பந்தலில் ஏறிய பீர்க்கன், புடலை, இவற்றுக்கு அடியில் தாராளமாக விடலாம், தண்டைச் சுற்றி நாலு செங்கலோ உடைந்த ஓடோ வைத்தால் வேரைப் பறிக்காது. கீரை மட்டும் எந்த வயதிலும் காவலில்தான் இருக்க வேண்டும், அது அதற்கும் பிடித்த சாப்பாடு.

விதைத்த பாத்திக்கு ஒரு எளிய வழி: அறுகோணக் கண்ணி இருக்கிற கோழிவலையைப் பாத்தி மேல் படுக்கையாக விரித்து ஓரத்தில் கல் வையுங்கள். நகம் மண்ணுக்குப் போகாது, காலுக்குக் கம்பி உறுத்துவதால் அதில் நிற்கவும் பிடிக்காது. முளை கண்ணி வழியாக மேலே வரும். கீரை நாலு விரல் உயரம் வந்ததும் வலையை எடுத்து, பிவிசி பைப்பை வளைத்து அரைவட்டமாகக் குத்தி அதே வலையைக் கூரை மாதிரி போட்டுவிடுங்கள். ஊரில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் பரப்புவார்கள், நன்றாகவே வேலை செய்யும், ஆனால் வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான், வேண்டாம்.

மிளகாய்த்தூள் வீண். பறவைக்கு மிளகாயின் காரம் தெரியவே தெரியாது, கிளி மிளகாய்ப் பழம் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். தக்காளியைக் கொத்துவது பெரும்பாலும் தாகத்துக்கு. தோட்டத்தில் இரண்டு மூன்று இடத்தில் மண்சட்டியில் தண்ணீர் வைத்துப் பாருங்கள், தக்காளியும் நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து உள்ளே வைத்தால் பழுக்கும்.

மாமி வீட்டு மாடிக்குப் போகாமல் இருக்க இறகு வெட்டலாம். ஒரு பக்க இறக்கையில் மட்டும், நுனியில் இருக்கிற நீள இறகு பத்தையும் பாதிக்கு வெட்டுங்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் சமமாகிவிடும், கொஞ்சம் பறக்கும். புதிதாக முளைக்கிற, காம்பில் ரத்தம் ஓடுகிற இறகைத் தொடாதீர்கள். இறகு உதிர்ந்து முளைக்கும்போது மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். நகம் வெட்டுகிற மாதிரிதான், வலிக்காது.

திருநின்றவூர் கீரைக்காரர்:

அண்ணன் சொல்வது சரி, ஆனால் கீரை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகச் சொல்வேன். சாப்பிடுகிற கீரைப் பாத்திக்குள் கோழி கால் வைக்கவே கூடாது. பச்சை எச்சம் இலையில் விழும், அதில் சால்மோனெல்லா இருக்கலாம், கொத்தமல்லி, புதினாவை நாம் பச்சையாகவே சட்னிக்குப் போடுகிறோம். குழந்தை இருக்கிற வீடு.

எச்சத்தை அப்படியே செடி அடியில் போடுவதும் தப்பு. என் முதல் வருடம் கூட்டைக் கழுவிய தண்ணீரும் எச்சமும் நேராக மிளகாய்ச் செடிக்கு ஊற்றினேன், ஒரு வாரத்தில் இலை ஓரம் கருகி 20 செடி போயிற்று. தழைச்சத்து அதில் அவ்வளவு அதிகம், சூடு. காய்ந்த இலை, தென்னை நார், வைக்கோல் எது கிடைக்கிறதோ அதோடு கலந்து இரண்டு மூன்று மாதம் மட்க விட்டுப் போட்டால் அதைவிட நல்ல எரு கிடையாது.

நான் செய்தது: தோட்டத்தை நடுவில் வேலி போட்டு இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் பயிர், ஒரு பக்கம் கோழி. பயிர் எடுத்து முடிந்ததும் கோழியை அந்தப் பக்கம் விட்டு, அவை இருந்த பக்கத்தில் விதைப்பேன். களை, புழு, கூட்டுப்புழு எல்லாவற்றையும் அவையே சுத்தம் செய்துவிடுகின்றன. வேலி நாலு அடி போதும், ஆனால் மேலே உட்காருகிற மாதிரி கட்டையோ பைப்போ ஓடக் கூடாது, வலை தொளதொளவென்று இருக்க வேண்டும். உட்கார இடம் தெரிந்தால்தான் கோழி பறந்து ஏறும்.

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவன்:

செடி போனால் மறுபடி விதைக்கலாம், கோழி போவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். தோட்டத்தில் மேய்ந்த கோழி செத்துத் தூக்கிவந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குருணை மருந்து. கார்போஃபியூரான் மாதிரி குருணையைப் பூச்சிக்காக மண்ணில் போடுவார்கள், கோழி அதைத் தானியம் என்று கொத்தும், கொஞ்சம் உள்ளே போனாலே ஆபத்து. ஃபோரேட் குருணைக்கு 2020 முடிவோடு தடை வந்துவிட்டது, ஆனாலும் பழைய பாக்கெட் வீட்டு மூலையில் கிடக்கும், இருந்தால் எடுத்துவிடுங்கள். எலி மருந்தும் அப்படித்தான். மருந்து நேர்த்தி செய்த கடை விதை சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும், கோழி எட்டுகிற இடத்தில் சிந்த விடாதீர்கள். கோழி இருக்கிற தோட்டத்தில் நீங்கள் எதைத் தெளித்தாலும் அது முட்டை வழியாக உங்கள் பையனுக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேப்ப எண்ணெய்க் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தெர்மாகோல். செடி வைக்கிற பெட்டி, பார்சலில் வருகிற துண்டு, எதையும் விடாது, அத்தனை ஆசையாகத் தின்னும், செரிக்காது. அதே போல செடி கட்டுகிற நைலான் நூல், செடிப்பை ஓரத்தில் பிரிகிற பச்சை இழை. விழுங்கினால் கழுத்தடியில் இருக்கிற இரைப்பையில் பந்தாக அடைத்துக்கொள்ளும். காலில் சுற்றினால் இறுகி விரலே அழுகும். சாயங்காலம் அடையும்போது ஒவ்வொன்றாகத் தூக்கி இரைப்பையையும் காலையும் தடவிப் பாருங்கள். இரவில் நிறைந்திருந்தது காலையில் காலியாக இருக்க வேண்டும், காலையிலும் கெட்டியாக இருந்தால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். வந்தால் மருந்து கிடையாது, மொத்தக் கூட்டமும் போய்விடும். அடை பொரிந்தால் குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா என்கிற தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் ஆர்டிவிகே என்கிற தடுப்பூசி. பிப்ரவரியில் அரசுக் கால்நடைத் துறை இதற்கென்றே இருவார முகாம் நடத்தும், உங்கள் பகுதி மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். புதுக் கோழி வாங்கினால் நேராகத் தோட்டத்தில் விடாமல் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள்.

முடிச்சூர் மேட்டுத்தெரு:

அக்கா, வலை என்று எல்லாரும் சொல்கிறார்கள், எந்த வலை என்பதில் கவனமாக இருங்கள். நான் காசிமேட்டிலிருந்து பழைய மீன்வலை வாங்கிவந்து பாத்தியைச் சுற்றிக் கட்டினேன், விலை குறைவு, பார்க்கவும் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு பெட்டை இரண்டு காலும் சிக்கித் தலைகீழாகக் கிடந்தது. நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம், வந்து கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தபோது உயிர் இருந்தது, ராத்திரி போய்விட்டது. அப்புறம் அதே வலையில் ஒரு சாரைப்பாம்பு மாட்டிக்கொண்டது, அதை வெட்டி விடுவதற்குப் பட்ட பாடு தனி. அதிலிருந்து விறைப்பான கம்பி வலை மட்டும்தான், கீழே ஒரு அடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதைத்துவிட்டேன். கீரிப்பிள்ளை அந்த இடத்தில்தான் தோண்டும், மடிப்பில் முட்டிக்கொண்டு திரும்பிவிடும்.

இன்னொன்று, கூட்டை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவே தண்ணீரில் இருந்தது, அப்போது எங்களிடம் கோழி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஒன்பது கோழி இருந்தன, கூடு தரையில் இருந்தது. விடிகாலை மூன்றரைக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்து இடுப்பளவு தண்ணீரில் போய்க் கதவைத் திறந்தேன், உள்ளே உயரத்தில் கட்டியிருந்த கொம்பில் ஏறியிருந்த நாலு மட்டும் இருந்தன. ஒவ்வொன்றாக மாடிப்படிக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன், ஒன்று வழியெல்லாம் என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் கூட்டை மூன்று அடி கால் வைத்து உயர்த்திவிடுங்கள் அக்கா. மாடம்பாக்கத்திலும் ஏரி இருக்கிறது.

மாடம்பாக்கம் தோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று, என்ன நடந்தது என்று சொல்ல வந்தேன்.

கோழி எங்கும் போகவில்லை. கிணற்றடிப் பக்கம் கம்பி வலை அடைப்பு போட்டாயிற்று, அடியை மடித்துப் புதைத்தோம். கூட்டை உயர்த்த ஆள் சொல்லியிருக்கிறோம். அவரைப் பந்தலடியில் மண் குளியலுக்குக் குழி பறித்தது வீட்டுக்காரர்தான். சாம்பல் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது, தெருமுனையில் இஸ்திரி போடுகிற அண்ணாச்சியிடம் கேட்டேன், பெட்டிக் கரிச் சாம்பலை ஒரு வாளி நிறையக் கொடுத்தார். முதல் நாள் ஒன்றும் கிட்டே போகவில்லை. மூன்றாம் நாள் செவலை இறங்கிப் படுத்து, ஒரு பக்கம் இறக்கையை விரித்துச் சாம்பலை முதுகுக்கு மேல் வாரி எறிந்துகொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடந்தது. மாமியார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். வலையை மேலே விரித்துவிட்டு விதைத்த அரைக்கீரையை நேற்று முதல் தடவை கிள்ளினேன், மாமிக்கும் ஒரு கட்டு கொடுத்தேன், வடகத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். கத்தரி மறுபடி நட்டிருக்கிறேன், ஒவ்வொன்றையும் சுற்றி உடைந்த ஓடு. தக்காளியில் கொத்துவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

கறுப்பியை எழுப்பவில்லை. மஞ்சள் பாத்தியிலேயே சுற்றி வலை கட்டி, மேலே கூடை கவிழ்த்து, பக்கத்தில் தண்ணீரும் கம்புத் தானியமும் வைத்தோம். போன வியாழக்கிழமை 9-ல் 7 பொரிந்தது. ஏழாம் நாள் சொட்டு மருந்துக்கு மருந்தகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது ஒரு புதுக் கேள்வி: குஞ்சுகள் கம்பி வலைக் கண்ணி வழியாகவே நுழைந்து கீரைக்குள் போய்விடுகின்றன. என்ன செய்வது?

ஆவடி வேப்பமரத்தடி:

சந்தோஷம் அம்மா. குஞ்சு கீரையை ஒன்றும் பெரிதாகச் செய்துவிடாது, அந்தக் காலுக்கு இன்னும் பலம் வரவில்லை. ஆனால் தாய் வலைக்கு வெளியே, குஞ்சு உள்ளே என்று பிரிந்துவிட்டால் காக்காய்க்கும் வல்லூறுக்கும் வசதி, அதனால் தரையிலிருந்து ஒரு அடிக்குச் சின்னக் கண்ணி வலையைச் சேர்த்துக் கட்டுங்கள். முதல் மூன்று வாரம் பஞ்சாரத்தை, அதாவது கோழியை மூடி வைக்கிற பெரிய கூடையை, கவிழ்த்துத் தாயோடு உள்ளேயே வைக்கலாம். உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும், பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் போட்டுத் தண்ணீர் தெளித்துச் சாயங்காலம் கரையான் இருக்கிற இடத்தில் கவிழ்த்து வையுங்கள், காலையில் எடுத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டுங்கள். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

மாடம்பாக்கம் தோட்டம்:

கேட்டேன், தெரியுமாம். பானை தேடிக்கொண்டிருக்கிறார்.